நெட்டையின் இடது பெடல்

மார்ச் 3, செவ்வாய்

மாவுக்கட்டு அவிழ்த்தாயிற்று. மணிக்கட்டு சூம்பிப்போய், வேறு யாருடைய கையையோ ஒட்டவைத்தது போல் இருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக வருகிறது. இன்னும் ஒரு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அறைக்கு வெளியே காத்திருந்த அத்தையிடம் சொன்னேன். "இதுக்கு முன்னாடி மட்டும் என்னத்தத் தூக்கிக் கிழிச்ச?" என்றார். எனக்கு இப்படி ஒரு மாமியார். ஆனால் ஆஸ்பத்திரிக்கு என்னோடு உள்ளே வந்தது அவர் மட்டும்தான். அவர் பெற்ற பிள்ளை, என் வீட்டுக்காரர், வேனை விட்டு இறங்கவேயில்லை.

திரும்பி வந்ததும் சர்க்கஸ் முதலாளி கூடாரத்துக்கு வெளியே பிடித்துக்கொண்டார். இருபத்தெட்டாம் தேதி புது ஊரில் முதல் ஆட்டம். சுவரொட்டியில் என் படம்தான் பெரிதாக இருக்கிறது. ஏறுவேனா, இல்லை என் இடத்தில் நாய்க்காரரை விடட்டுமா என்று கேட்டார். நாய்க்காரர் இப்போதே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு திரிகிறார்.

ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன். கை தேறிவிடும். ஆனால் யார் முடுக்கிய வண்டியில் ஏறுவது?

மார்ச் 4, புதன்

விழுந்ததைப் பற்றி இதுவரை எழுதவில்லை. எழுதக் கை இல்லை என்பது ஒரு சாக்கு.

நெட்டையை எல்லோரும் ஏதோ மந்திரம் என்று நினைக்கிறார்கள். தரையில் ஒற்றைச் சக்கரம், ஆறடி உயரத்தில் ஒரு சீட், சீட்டுக்குக் கீழே இரண்டு பெடல், அங்கிருந்து சக்கரத்துக்கு ஒரு நீளச் செயின். அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அதை அவர் முடுக்குவார், நான் ஏறுவேன். ஒரு நாளும் நான் குனிந்து பார்த்ததில்லை.

போன மாதம் ஆட்டத்தின் நடுவில் இடது பெடல் கழன்று விழுந்தது. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கையை ஊன்றினேன், கை போனது. தூக்கிவிட ஓடிவந்தவரைப் பார்த்து, கூட்டம் முழுக்கக் கேட்க, "உங்க கைய நம்பி ஏறினேன் பாருங்க, என்னச் சொல்லணும்" என்றேன்.

அன்றைக்கு ஸ்பேனரைப் பெட்டியில் போட்டவர் இன்றுவரை தொடவில்லை. ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிறார், லாரி ஓட்டுகிறார். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்கிறார். அதற்கு மேல் பேச்சில்லை. நெட்டை தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

தார்ப்பாயை விலக்கினேன். செயின் துருப்பிடித்திருக்கிறது. திரும்ப மூடிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

மூடி வைத்தால் துரு தானாகப் போய்விடுமா? இன்று உட்கார்ந்தேன்.

முதலில் செயின் மூடி. பெடலிலிருந்து சக்கரம் வரை நீளும் தகரம் அது. புது வருஷத்துக்கு அத்தை அதில் மீன்களாக வரைந்து தள்ளியிருக்கிறார். டிக்கெட் கிழிக்கும் நேரம் போக அவருக்கு அதுதான் வேலை. மூடியைக் கழற்றியபோது ஒரு மீனின் வாலில் கீறல் விழுந்துவிட்டது. பார்த்தால் என்னை உரித்துவிடுவார்.

செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தேன். மாட்டும்போதுதான் வேடிக்கை. தளர்வாக விட்டால் பல்லிலிருந்து தாவுகிறது. இழுத்துக் கட்டினால் சக்கரம் முனகுகிறது. விரலால் அழுத்தினால் கொஞ்சம் தொய்ய வேண்டும், அதற்கு மேல் தொய்யக் கூடாது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க மத்தியானம் முழுக்கப் போனது. இத்தனை வருஷமும் அவர் இதைப் பேச்சுக்கொடுத்துக்கொண்டே செய்வார். நான் பவுடர் போட்டுக்கொண்டு நேரமாகிறது என்று கத்துவேன்.

அவர் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்பேனரைத் தப்பாகப் பிடித்தபோதெல்லாம் இருமினார். சளி ஒன்றும் இல்லை அவருக்கு.

மார்ச் 12, வியாழன்

சக்கரம் கோணியிருந்தது, விழுந்த அடியில். ஒரு சாக்பீஸை விளிம்புக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால், எங்கே துருத்துகிறதோ அங்கே கோடு விழும். அந்த இடத்துக் கம்பிகளைக் கொஞ்சம் முறுக்க வேண்டும், எதிர்ப்பக்கத்தைத் தளர்த்த வேண்டும். ஒரு இடம் சரியானால் இன்னொரு இடம் கோபித்துக்கொள்கிறது. கூட்டுக்குடும்பம் நடத்துகிற மாதிரிதான்.

சாயங்காலம் கோடு விழாமல் சுற்றியது. எழுந்து நின்று கை தட்டினேன், தனியாக.

சக்கரத்துக்குள் உருளும் பால்ரஸ் குண்டுகளைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்தாயிற்று. இடது பெடலுக்குப் புதியது வாங்கிவந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினேன். இனி அது கழன்றால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

மார்ச் 14, சனி

பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

காலையில் கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கொஞ்ச நேரம் கம்பத்தை விடவில்லை, பிறகு விட்டேன். ரெண்டு சுற்று, மூணு சுற்று — அய்யோ, எவ்வளவு நல்லா இருந்தது! மேலே ஏறினதும் கை வலியெல்லாம் எங்க போச்சோ. ஒரு மணி நேரம் சுற்றியிருப்பேன். அப்புறம் இடது காலுக்குக் கீழே லேசா ஒரு ஆட்டம்.  கம்பத்தைக் கட்டிப்பிடிச்சு இறங்கிப் பார்த்தா, பெடல் பாதி கழன்று நிற்கிறது.

நான் முடுக்கினது. நானே, என் கையால, உயிரைக் கொடுத்து முடுக்கினது.

அப்படியானால் அவர்? அவரும் அப்படித்தானே முடுக்கியிருப்பார்? நான் என்ன பேச்சுப் பேசினேன் அந்த மனிதரை.

மார்ச் 15, ஞாயிறு

சொன்னேன். லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தார், கால் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் காலிடம் சொன்னேன், நான் முடுக்கிய பெடலும் கழன்றுவிட்டது என்று.

"என் மனசத் தேத்தறதுக்காகச் சொல்லாத."

"உங்களுக்கு ஆறுதல் சொல்ற ஆளா நான்?"

 "இல்லதான். அப்ப உனக்கும் முடுக்கத் தெரியல" என்றார்.

கோபத்தில் திரும்பிவிட்டேன். ஆனால் நான் விழுந்த பிறகு நடந்த பேச்சிலேயே இதுதான் நீளமான பேச்சு.

மார்ச் 17, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். 

மூன்று நாளாக அந்தப் பெடலோடு மல்லுக்கட்டுகிறேன். முடுக்குகிறேன், ஓட்டுகிறேன், ஆடுகிறது. வலது பெடலிலும் கை வைத்துப் பார்த்தேன். அதுவும் லேசாக இளகியிருந்தது. இன்று இரண்டையும் கழற்றித் துணியில் வைத்தேன். பெடலின் முனையில் ஓர் எழுத்து குத்தியிருக்கும். வலதுக்கு ஆர், இடதுக்கு எல். என் இடது கால் வைக்கிற பெடலில் இருந்தது ஆர்.

கடையில் தப்பாக வாங்கிவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லையே, கழன்று விழுந்த பழையதைத்தானே மாதிரிக்குக் கொண்டுபோனேன். அதிலும் ஆர். மற்றதை மாட்டிப் பார்த்தால் மரை ஏறவே இல்லை. இரண்டு பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசை. மிதிக்க மிதிக்க இறுக வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால்? மிதிக்க மிதிக்கக் கழலும்.

நான் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மீன்! நான் அரங்கை வலமாகச் சுற்றுவேன், கூட்டம் எப்போதும் என் இடப்பக்கம். செயின் மூடி இருந்தது வலப்பக்கம். தன் மீன்களை ஒருவரும் பார்க்கவில்லையே என்று அத்தை மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். நெட்டைக்குத்தான் முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஆயிற்றே, சீட்டைத் திருப்பிப் போட்டால் மூடி இடப்பக்கம் வந்துவிடுமே என்று நாங்கள் மூவரும் கூடிப் பேசித் திருப்பினோம். என்ன மூளை என்று ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டோம்.

திருப்பிய பிறகும் ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அதுவும் இப்போது புரிகிறது. மரையில் இருந்த பழைய துரு பிடித்துவைத்திருந்தது. போன மாதம் அவர் கண்ணும் கருத்துமாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி முடுக்கினார். அவ்வளவு அக்கறையாகச் செய்ததால்தான் கழன்றது. அக்கறை இல்லாதவர் செய்திருந்தால் நான் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

மார்ச் 18, புதன்

காலைத் தேநீருக்கு இருவரையும் உட்காரவைத்து, பெடல்களை நடுவில் வைத்து விளக்கினேன். அத்தை கடைசிவரை கேட்டுவிட்டு, "நான் சீட்டத் திருப்பச் சொன்னேன். உன்ன விழச் சொன்னேனா?" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து என் தட்டில் தன் பங்கு ரொட்டியையும் வைத்தார். அவரிடமிருந்து இது பெரிய விஷயம்.

வீட்டுக்காரர் முகம் மலரும் என்று நினைத்திருந்தேன். இன்னும் இருண்டுவிட்டது. பெடலை எடுத்து அந்த எழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கை தப்புப் பண்ணலன்னா மண்டை தப்புப் பண்ணியிருக்கு. அது அதவிட மோசமில்ல? எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. வண்டியில் உட்கார்ந்தது நான். கழலுகிற பெடலைத் தினமும் மிதித்தது என் கால். எனக்குத் தெரிந்ததா? திருப்பும்போது ஆளுக்கு ஒரு கை பிடித்தோமே, உங்கள் மண்டைக்கு மட்டும் என்ன தனி மரியாதை என்று கேட்டேன். பிறகு, அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சொன்னேன். 

அவர் எழுந்தார். ஜெனரேட்டர் பக்கம் போய்விட்டார். போகும்போது பெடலையும் கையோடு கொண்டுபோனார்.

மார்ச் 20, வெள்ளி

சீட்டைத் திருப்பியாயிற்று. நான் இல்லை. காலையில் எழுந்து வந்து பார்த்தேன், சரியாக இருந்தது. பெடல்களும் ஏறியிருந்தன.

மார்ச் 23, திங்கள்

மூன்று நாள் ஓட்டம், பெடல் அசையவில்லை. சொல்லப்போனால் முன்னைவிட இறுகியிருக்கிறது. இன்று காலை கம்பத்தைப் பிடித்துக்கொள்ளாமல் ஏறினேன். அவருடைய தோளில் கால் வைத்து, பழையபடி.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அவர் முடுக்கிய பிறகு நான் ஒரு தடவை முடுக்கிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தோள் கிடையாது. ஸ்பேனரை என்னிடம் நீட்டும்போது பரீட்சைத் தாளை நீட்டுகிற பையன் போல் வேறெங்கோ பார்க்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் முடுக்கிப் பார்க்கிறேன். ஒரு தடவையும் அது இம்மிகூட நகரவில்லை. அதை அவரிடம் சொல்கிறேன். தலையாட்டுகிறார், நம்புவதாகத் தெரியவில்லை.

அத்தை நெட்டையின் இடப்பக்கக் குழாயில் புதிதாக ஏதோ வரைந்துகொண்டிருக்கிறார். என்னவென்று கேட்டால் முறைக்கிறார்.

மார்ச் 26, வியாழன்

புது ஊர் வந்து சேர்ந்தோம். மைதானத்தில் ஒரே புழுதி. செயினைத் திரும்பவும் துடைக்க வேண்டும். முதலாளி சுவரொட்டியைக் காட்டி, மாற்ற வேண்டியதில்லையே என்றார். வேண்டாம் என்றேன். நாய்க்காரரின் நாய்கள்கூடக் கொஞ்சம் வாடித் தெரிந்தன.

பயமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 28, சனி

நல்ல கூட்டம். திரைக்குப் பின்னால் நின்றேன். அவர் மண்டியிட்டு இரண்டு பெடலையும் முடுக்கினார். செயினை விரலால் அழுத்திப் பார்த்தார். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு எழுந்து ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை.

"பாத்துக்க" என்றார்.

"நீங்க பாத்தாச்சுல்ல."

"நிபந்தனை போட்டிருக்கோம்."

"அது உங்க நிபந்தனை. எனக்கு நேரமாகுது, தோளக் குடுங்க."

 வெளியே மேளம் தொடங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார், புழுதி என்றார். ஸ்பேனரைத் தன் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு குனிந்தார். நான் தோளில் கால் வைத்து ஏறினேன்.

விழவில்லை. வேறென்ன எழுத?

ஏப்ரல் 2, வியாழன்

இன்று மத்தியானம் செயினுக்கு எண்ணெய் விடலாம் என்று அவருடைய பெட்டியைத் திறந்தேன். எங்கிருந்தோ ஓடிவந்தார். சின்ன ஸ்பேனர் பெரிய ஸ்பேனரோடு கிடக்கிறதாம், துணியெல்லாம் கிரீஸாம், ஒரு மாதத்தில் பெட்டியைக் குப்பைத்தொட்டி ஆக்கிவிட்டேனாம், ஒரு சாமானை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்கத் துப்பில்லையாம். "இனிமே என் பெட்டியத் தொட்ட, பாரு" என்று கூடாரம் அதிரக் கத்தினார். நாய்க்காரர் எட்டிப் பார்த்தார்.

 இந்த மாதிரித் திட்டு வாங்கி எவ்வளவு நாளாயிற்று. பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அவர் ஒவ்வொன்றாக அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.