பதினேழாம் நம்பர் மருந்து

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஞாயிறு காலை.

பெலிக்ஸுக்கு,

நீயும் ஹெப்சிபாவும் புனேயில் சுகந்தானே. நாலு வருஷமாக எழுதாதவன் எழுதுகிறேன். நான் தயாரித்த சேர்மத்துக்கு நீ கட்டுரை எழுதி, என் பெயரைக் கடைசி வரி நன்றியில் போட்டாய். மறக்கவில்லை. இந்தக் கடிதம் அதற்காக இல்லை. போனில் பேசினால் சண்டையில் முடியும், அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

ராஜபாளையத்தில் என் அழகுத்தாய் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். மதுரையில் இரண்டு கீமோ ஊசி ஆயிற்று. மூன்றாவதற்குப் போன செவ்வாய் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். பத்திரிகையில் வந்த உன் பேட்டியை மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். 'புற்றுநோயைக் கொல்லும் மருந்து.' அதே நம் பதினேழாம் சேர்மம். "பெலிக்ஸ் தம்பி மருந்து இருக்கைல எனக்கு எதுக்குலே மொட்டத்தல? சின்ன சீசாவுல கொண்டாந்து குடு" என்கிறாள்.

தட்டில் செல் சாவதற்கும் உடம்பில் நோய் தீர்வதற்கும் வெகுதூரம் என்றேன். கிருமித் தட்டில் சேர்மத்தைச் சுற்றிக் கிருமி செத்து வட்டம் விழுந்தது உண்மை. பினாயில் விட்டாலும் விழும் என்றேன். நல்ல செல்களும் அதே அளவில் செத்தன. அந்த அட்டவணையை நீயும் பார்த்தாய், பேட்டியில் சொல்லவில்லை. நம் ஊரில் பருத்திக்கு அடிப்பதற்கும் மருந்து என்றுதான் பெயர் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "அவன் பேரு பேப்பர்ல வந்திருச்சு, ஒம் பேரு வரல. வயித்தெரிச்சல்ல பேசுத" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பொய் இல்லையே. நாலு வருஷமாக அவள் வீட்டில் உட்கார்ந்துதான் உன்னைத் திட்டினேன். இன்று உண்மை சொன்னாலும் அந்த வாடைதான் அடிக்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்த மஞ்சள் பொடி குடுவையில் முதலில் படிந்த அன்று, "மருந்து கண்டுபிடிச்சிட்டேன்க்கா" என்று அவளிடம் ஓடிப்போய்ச் சொன்னவன் நான்தான்.

வியாழக்கிழமைக்கு மறுபடி தேதி வாங்கியிருக்கிறேன். இனியும் தள்ளினால் பரவிவிடும் என்கிறார் டாக்டர். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பதில் எழுதாதே. அவளைக் கூப்பிடு. காலை பத்து மணிக்கு மேல் தனியாக இருப்பாள். அது மருந்து இல்லை என்று உன் வாயால் சொல். ஹாஸ்டல் சோறு இறங்காமல் அவள் கையால் சாப்பிட்டவன் நீ. உன் பேச்சைக் கேட்பாள். நடுவில் என்னைப் பொறாமைக்காரன் என்பாள். ஆமாம் என்று சொல்லிவிடு. ஊசியைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்காதே.

உங்கள் இருவரையும் எந்த நோவும் அண்டாமல் இருக்கட்டும். மனசாரத்தான் எழுதுகிறேன்.

உன் வகுப்புத்தோழன்,
சுயம்புலிங்கம்