நினைவுக் கல்லில் ஆறாவது பெயர்

அனுப்புநர்:
க. பேச்சியம்மாள் (ஆதாரில் உள்ளபடி),
நான்காம் லயம், இரண்டாவது வீடு,
நெட்டப்பாறை எஸ்டேட், கீழ் டிவிஷன்,
வண்டிப்பெரியார் வழி, இடுக்கி மாவட்டம்.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
நெட்டப்பாறை நினைவு நடைத் திட்டம்,
பீருமேடு.

பொருள்: 17.07.1984 மண்சரிவில் இறந்த பதினொரு தொழிலாளர்களுக்கு வைக்கப்படும் நினைவுக் கல்லில் ஆறாவது பெயரைத் திருத்தித் தரக் கோருதல், மற்றும் நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது குறையைச் சொல்லும் மனுதான். ஆனாலும் நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்தால் ஒப்புக்குச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

1. இரண்டு வருடமாகச் சனி, ஞாயிறு காலைகளில் தாங்கள் நடத்திவரும் நினைவு நடை, பூட்டிக்கிடக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் கெட்ட காலத்தை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுகிறது. விடிந்ததும் பேர் கூப்பிட்டு எங்களை வேலைக்கு அனுப்பிய பிரட்டுக்களத்தில் அவர்கள் புறப்படுகிறார்கள். ஓடிப்போனவர்களைப் பிடித்து வந்து அடைத்துவைத்த கங்காணி அறையையும், காய்ச்சலில் செத்த முதல் தலைமுறைக் கூலிகளின் குழிமேடுகளையும் பார்க்கிறார்கள். கடைசியில் மண் சரிந்த மேட்டுக்கு வருகிறார்கள். அங்கே தங்கள் வழிகாட்டி லிஜி பலகையைப் பார்த்துப் பதினொரு பெயர்களையும் வாசிக்கிறார். எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்கிறார்கள்.

2. ஐயா, அந்த மேட்டில் முப்பத்தொன்பது வருடம் யாரும் நிற்கவில்லை. ஆடு மேய்த்தார்கள், குப்பை கொட்டினார்கள். வழுக்கும் என்று தாங்கள் கைப்பிடிக் கம்பி போட்டுக் கொடுத்த பிறகுதான் என்னைப் போன்ற முழங்கால் வலிக்காரிகளும் மேலே ஏற முடிகிறது. லிஜியையும் சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் ஒருவர் அங்கே நின்று சிரித்துக்கொண்டு செல்பி எடுத்தார். லிஜி சத்தம் போடவில்லை. "சேட்டா, இங்க பதினொண்ணு பேரு கெடக்குது. போன உள்ள வையுங்க" என்றார். அவரும் உள்ளே வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு நிறைந்திருந்தது.

3. இனி விஷயத்துக்கு வருகிறேன். பலகையில் ஆறாவதாக 'குருவம்மாள், வயது 19' என்று இருக்கிறது. "பதினொரு பேரில் இளையவள், வேலையில் கெட்டிக்காரி" என்று லிஜி சொல்லுவார். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டம். குருவம்மாள் அப்படியொன்றும் கெட்டிக்காரி அல்ல. நிறுக்கும்போது அவள் கூடைதான் பெரும்பாலும் குறையும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் குருவம்மாள் நான்தான். உயிரோடு இருக்கிறேன்.

4. அன்று மண்ணுக்குள் போனது என் அக்கா பேச்சியம்மாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. எஸ்டேட்டில் நிரந்தரமாகப் பேர் பதிந்தவள் நான். அக்கா வீட்டிலிருந்து, இழுப்பு நோய்க்கார அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். ஒருத்திக்கு முடியாத நாளில் வீட்டிலுள்ள இன்னொருத்தி அவள் பேருக்குப் பிரட்டில் நின்றுகொள்வது எங்களிடையே வழக்கம். பேர் கூப்பிடும்போது யாராவது "இருக்கேன்" என்றால் போதும். சூப்பர்வைசரும் கண்டுகொள்ள மாட்டார். அவருக்கு ஆள் குறையக் கூடாது, எங்களுக்கு வேலை போகக் கூடாது.

5. எனக்கு அன்று முடியாமல் இல்லை. குமுளிக்குக் காலைக் காட்சி சினிமா பார்க்கப் போனேன். இதை எழுதாமல் விட்டால் இந்த மனு பொய்யாகிவிடும். அந்த மாதம் ஏற்கெனவே நான்கு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. இன்னொரு நாளும் போகாவிட்டால் கேள்வி வரும் என்று அக்காவை நிற்கச் சொன்னேன். அவள் மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "போயிட்டு வா. ஆனா கதைய முழுசாச் சொல்லணும். பாதியில தூங்கிட்டேன்னு சொல்லப்படாது." பிற்பகல் மூன்று மணிக்குக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் வரிசையில் நின்றபோது மேடு அப்படியே இறங்கிவிட்டது. நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.

6. ஆபீஸ் பதிவில் அன்று வேலைக்கு வந்தவள் குருவம்மாள். ஆகவே செத்தவளும் குருவம்மாள். லயத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் உண்மை தெரியும், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சூப்பர்வைசர் மிக்கேல் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார்: "அண்ணாச்சி, செத்தது பேச்சின்னு சொன்னா என் வேலை போறது இருக்கட்டும். ஆள் மாத்தி நின்னதுக்குக் கம்பெனிக்காரன் குருவு பேரையும் வெட்டிருவான். வீட்டக் காலி பண்ணச் சொல்லுவான். இந்த மழையில எங்க போவீக?" பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே நீதான் பேச்சி. யாரு கூப்பிட்டாலும் திரும்பு" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார். இப்போது அவரும் இல்லை, அப்பாவும் இல்லை.

7. அடுத்த மாதமே, இறந்துபோன குருவம்மாளுக்கு வாரிசாக அக்கா பேச்சியம்மாளுக்கு வேலை போட்டார்கள். அதாவது, என் வேலை எனக்கே வாரிசு வேலையாக வந்தது. கல்யாணம், ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் அவள் பெயரில்தான். அவளுக்கு என்னைவிட நான்கு வயது கூடுதல் என்பதால் நான்கு வருடம் முன்னதாகவே ரிட்டயரும் ஆகிவிட்டேன். என் வீட்டுக்காரர் பெரியமுத்துவுக்கு எல்லாம் தெரியும். சாகும்வரை வீட்டுக்குள் மட்டும் என்னைக் குருவு என்று கூப்பிட்டார். பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

8. இதுவரை சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறாய் என்று தாங்கள் கேட்கலாம். வரும் ஜூலை 17ஆம் தேதி பெயிண்ட் பலகையை எடுத்துவிட்டுக் கருங்கல்லில் பெயர் வெட்டி நிறுத்தப் போவதாகத் தங்கள் கடிதம் வந்தது. 'காலஞ்சென்ற குருவம்மாளின் சகோதரி' என்ற முறையில் நான் முதல் பூவை வைக்க வேண்டும் என்று மரியாதையாக அழைத்திருக்கிறீர்கள். இத்தனை மரியாதையாக எங்களுக்கு ஒரு கடிதம் வந்ததே இல்லை. அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் பலகை என்றால் வெயிலிலும் மழையிலும் அழிந்துபோகும் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். கல் அப்படி அழியாது. என் பெயருக்கு நானே பூ வைக்க, அக்கா அந்த மேட்டில் பெயரில்லாமல் கிடப்பதை என்னால் தாங்க முடியாது.

9. போன வாரம் மகள் ஆர்த்தியிடம் சொன்னேன். வருடா வருடம் அந்தத் தேதியில் 'குருவு சித்தி'க்கு என்று அவள் கையால்தான் படையல் வைப்போம். இத்தனை வருடப் படையலையும் விரல்விட்டு எண்ணினாள். பிறகு, "அப்ப அது சித்தி இல்லையாம்மா? பெரியம்மாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

10. ஆகவே தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

கல்லில் ஆறாவதாக 'பேச்சியம்மாள், வயது 23' என்று வெட்ட உத்தரவிட வேண்டும். கெட்டிக்காரி என்று லிஜி தாராளமாகச் சொல்லலாம், அக்காவுக்கு அது பொருந்தும். ஒரு நாள் தங்கைக்காக நின்றவள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. பழைய எஸ்டேட் பதிவேட்டில் இருந்ததைத்தான் லிஜி வாசித்தார். அவர்மேல் எந்தக் குற்றமும் வரக் கூடாது. இந்த மனுவைக் காரணம் காட்டி யாராவது நடையை நிறுத்தச் சொன்னால் தயவுசெய்து நிறுத்திவிட வேண்டாம்.

விசாரணை என்று வந்தால் அதற்கு நான் மட்டுமே பொறுப்பு. கூப்பிட்ட இடத்துக்கு வருகிறேன். சாட்சிக்கு, அன்று அடுத்த லயத்தில் குடியிருந்த செபமாலையம்மாள் இன்னும் இருக்கிறார், ஞாபகமும் நன்றாக இருக்கிறது. ஆள் மாறாட்டம் செய்தவள் என்று எனக்குக் கிடைக்கும் பென்ஷனை நிறுத்தினாலும் தங்கள்மேல் வருத்தப்பட மாட்டேன். அக்காவின் பெயரில் நாற்பத்தொரு வருடம் சோறு தின்றிருக்கிறேன். அந்தப் பெயர் இனி அவளுக்குப் போகட்டும்.

எங்களையும் மனிதர்களாக மதித்துப் பெயர் சொல்லி நினைக்க வைத்த தங்களுக்கு என் வீட்டாரின் நன்றி. பூ வைக்கக் கட்டாயம் வருவேன். அழைப்பில் 'பேச்சியம்மாளின் தங்கை' என்று மட்டும் மாற்றித் தாருங்கள்.

கீழே உள்ள கையெழுத்து ஆதாரில் உள்ளதோடு ஒத்துப்போகாது. இதைத்தான் சரியான கையெழுத்தாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இடம்: நெட்டப்பாறை
நாள்: 20.06.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
க. குருவம்மாள்