கடையில் பெயருள்ள சாமான்

அக்கா,

புதுச் சாமான் பெட்டியை உடைத்தால் மெழுகுத்தாளும் கிறீசும் கலந்து ஒரு மணம் வரும். இன்று காலை கிளிநொச்சிக் களஞ்சியத்தில் அந்த மணம் அடித்ததும் நான் விசுவமடுவில் உங்கள் கிணற்றடிக்கே போய்விட்டேன். எனக்கு மடல் எழுதிப் பழக்கமில்லை. பழுது என்ன, மாற்றியது என்ன என்று இரண்டு வரி எழுதுகிறவன். இதையும் அப்படியே தொடங்குகிறேன்.

பழுது: உங்கள் இறைப்பு மெசினை உங்களைத் தவிர வேறு யாராலும் ஓட்ட முடியாது. அன்று மிளகாய் பூத்து நின்றது. அடுத்த கிழமை நீங்கள் ஒப்பரேசனுக்கு யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குப் போகவேண்டும். வீட்டில் மிஞ்சுவது மகள் மட்டும். அவள் கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் மெசின் இருமும், ஓடாது. தண்ணீர் பிந்தினால் பூ முழுக்கக் கொட்டிவிடும்.

நான் கொழும்பில் மெசின் படிப்பை முடித்துவிட்டு, கிளிநொச்சியில் திருத்துகிற வேலைக்கு வந்த புதிது. பொறுமை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மெசினைக் கண்டதும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. குழாய் மூட்டுகளில் சைக்கிள் ரியூப் சுற்றியிருந்தது. மெசின் மூடிக்கு அடியில், ஒழுகாமல் இருக்க, பிஸ்கட் பெட்டி மட்டை. எண்ணெய் வடிக்கும் வாயில், திருகிக்குப் பதில் செதுக்கிய மரக்கட்டை.

"இதில கம்பனி செய்தது ஏதாவது மிச்சமிருக்கோ?" என்று கேட்டேன்.

"சத்தம் மட்டும் கம்பனியின்ர," என்றீர்கள்.

பிறகு ஓட்டிக் காட்டினீர்கள். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஒரு சிறிய கதவு இருக்கும்; மெசின் நின்றாலும் ஏறிய தண்ணீரை அது இறங்கவிடாது. அதைத்தான் புட்வால்வு என்போம். உங்களுடையதில் அந்தக் கதவு எப்போதோ தேய்ந்துபோய்விட, காலமான உங்கள் வீட்டுக்காரரின் செருப்புத் தோலை வெட்டிப் போட்டிருந்தீர்கள். சுற்றிவர ஒழுகும் இடத்துக்குச் சாணியைக் கரைத்து மேலிருந்து குழாய்க்குள் ஊற்றினீர்கள். சாணி போய் அடைத்துக்கொள்ள, தண்ணீர் நின்றது. பிறகு, காற்று மூடி அறுந்துபோயிருந்ததால், மெசின் காற்றிழுக்கும் வாயை இடது உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கையால் கயிற்றை இழுத்தீர்கள். சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு விரலாகத் திறந்தீர்கள். மெசின் ஓடியது. நன்றாகத்தான் ஓடியது.

வன்னியில் மெசின் உதிரிச் சாமான்கள் கிடைக்காத வருடங்களில் நீங்கள் அதை ஓட்டியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணம் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தும் பயிரைக் காயவிடவில்லை. இப்போது எல்லாம் கிளிநொச்சிக்கே வந்துவிட்டன. நான் ஒரு சாக்கில் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்திருந்தேன். ஆனால் சண்டைக்கும் ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன். முதல் மாதம் வட்டக்கச்சியில் ஒருவர், தான் தகரத்தில் வெட்டிப் போட்டதைக் கழற்றவேண்டும் என்று சொன்னதற்கு என்னைப் படலை வாசல்வரை துரத்திக் கலைத்தவர். தன் கையால் செய்ததை யாரும் இலேசில் விடமாட்டார்கள்.

நீங்களோ திருகுசாவியை என் கையிலிருந்து வாங்கினீர்கள். மரக்கட்டையை நீங்களே பிடுங்கினீர்கள், ரியூப்பை நீங்களே அறுத்தீர்கள். மத்தியானத்துக்குள் அவ்வளவு காலத்துச் சூட்சுமமும் குப்பையில் கிடந்தது. அறுந்துபோயிருந்த காற்று மூடிக்குப் பதில் கம்பனி மூடி, புது மட்டை, புது இறுக்கிகள்.

கடைசியாகக் குழாயை மேலே தூக்கினோம். செருப்புத் தோல் தேய்ந்து, ஊறி, வட்டமாக அதன் இடத்தில் அச்சொட்டாக உட்கார்ந்திருந்தது. அப்படியொரு பொருத்தத்தை நான் கல்லூரிப் பட்டறையிலும் கண்டதில்லை. பழையதையெல்லாம் எறியச் சொல்லி வந்த நானே, இது ஒன்று மட்டும் இருக்கட்டும், ஓரத்தைச் சீவினால் இன்னும் இரண்டு போகம் தாங்கும் என்றேன்.

நீங்கள் அதைச் சீலைத் தலைப்பால் துடைத்து, வெளிச்சத்தில் ஒருக்கால் பிடித்துப் பார்த்தீர்கள்.

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்குப் பிஞ்சா, பிள்ளை கடையில போய் என்னெண்டு கேப்பாள்? அப்பான்ர செருப்பு ஒண்டு தாங்கோ எண்டோ?"

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"உதுக்குக் கடையில பேர் இல்லைத் தம்பி. பேருள்ளதைப் போடுங்கோ."

தோலும் குப்பைக்குப் போனது.

பிறகு மகளைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னீர்கள். பிள்ளை புதுக் காற்று மூடியைச் சரியாகத்தான் போட்டாள். ஆனால் சின்ன வயதிலிருந்து உங்களைப் பார்த்த பழக்கம்: கயிற்றை இழுக்கும்போது இடது கை தானாகப் போய்க் காற்று வாயைப் பொத்தியது. பெற்றோல் கூடிப் பிளக் நனைந்தது. மெசின் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கோ கை துருதுருத்தது. ஒரு எட்டில் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

"தொடாதேங்கோ," என்றீர்கள். "நீங்களும் இஞ்ச இருக்கப் போறேல்லை."

நீங்களும் கிட்டப் போகவில்லை. வாழைக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"பிள்ளை, அது என்ர கை. மெசினுக்கு இனி அது தேவையில்லை. மூடியைப் போடு, இழு, பிறகு திற. அவ்வளவுதான்."

அவள் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினாள். கையைப் பாவாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் இழுத்தாள். மெசின் இருமாமல் பிடித்தது. வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது. நீங்கள் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டீர்கள்.

"ஆரோ ஒருத்தரின்ர மெசின் மாதிரிக் கிடக்கு," என்றீர்கள். அப்போதுதான் சிரித்தீர்கள்.

ஆசுபத்திரியிலிருந்து நீங்கள் திரும்பி வரவில்லை. செத்தவீடு முடிந்த மறுநாளே மெசின் சத்தம் கேட்டது என்று ஊரில் இரண்டொருவர் குறை சொன்னார்கள். அன்று மிளகாய்க்குத் தண்ணீர் நாள். அதை அவர்களுக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கெட்டித்தனமாக ஒன்றைச் செய்கிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். தேவை முடிந்த அன்றே அதைத் தன் கையால் கழற்றி எறிந்த ஒருவரைத்தான் கண்டேன்.

இன்று உடைத்த பெட்டி உங்கள் மகளுக்குத்தான். புட்வால்வுக்குப் புது றப்பர் வேண்டுமென்று வந்தாள். சாமானின் பெயரைச் சொன்னாள், அளவைச் சொன்னாள். களஞ்சியக்காரர் எடுத்துக் கொடுத்தார். நான் உள்ளே எண்ணெய்க் கையோடு நின்றேன். அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை. சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் பட்டறைக்குத் திரும்பினேன். அங்கே துளையிடும் மெசினில் நானே கம்பி வளைத்துச் செய்த, கொக்கி மாதிரி ஒரு கொளுவி இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். அதன் சூட்சுமம் என் கைக்கு மட்டும்தான் தெரியும். கம்பனிக் கொளுவி போன மாதமே வந்து அலுமாரியில் கிடக்கிறது.

என்னுடையதைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், அக்கா.