குடில் புத்தகத்தில் நீ எழுதிய வரி

வாலே, ஏப்ரல் 24

அன்புள்ள சிக்னே,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், உன் தங்கை ஓஷில்ட் தூங்கமாட்டேன் என்று அடம்பிடித்து இப்போதுதான் கண்ணயர்ந்தாள், பள்ளிக்கூடத்தில் நாளை திருப்பித் தரவேண்டிய நோட்டுகள் திருத்தாமல் மேஜைமேல் கிடக்கின்றன. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே வடக்கு எல்லையில் காவல் நிற்கும் நீயும் அப்படியே இருக்கவேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே. போனில் பேசலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டால் ஒன்று கத்துவேன் இல்லை அழுவேன், முகாமில் உனக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்துக்குள் இரண்டுமே அடங்காது. ஈஸ்டர் முடிந்து மூன்று வாரம் ஆகப்போகிறது, கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

இந்த வருஷம் பனி எவ்வளவு தாமதமாக விழுந்தது என்று உனக்குத் தெரியும். எந்திரத்தால் பனி தூவிக்கொள்கிற ஊரா இது, வானம் கொடுத்தால்தான் உண்டு. பிப்ரவரி கடைசியில்தான் நானும் அப்பாவும் மலைமேலே போய் வடக்குக் குடிலிலிருந்து ஏரிக்கரைக் குடில் வரைக்கும் பத்து மீட்டருக்கு ஒன்றாக வழிக்குச்சி நட்டுவிட்டு வந்தோம். கடப்பாரை பிடித்துக் கை காய்த்துப்போனது. அணைக்காரர்கள் தண்ணீரை இறக்கிவிட்டதால் ஏரியின் கரையோரப் பனிக்கட்டி அடியில் ஒன்றுமில்லாமல் தொங்குகிறது என்று குச்சியை நன்றாக மேட்டுப்பக்கம் தள்ளி நட்டோம். உன்னை மாதிரி பிள்ளைகள் போகிற வழி என்றுதான் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தோம். நீ லீவில் வந்து, ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை காலையில் ஆரஞ்சுப் பழமும் சாக்லேட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு, பனியில் சறுக்கும் ஸ்கீ கட்டைக்கு நீல மெழுகு தேய்த்துக்கொண்டு கிளம்பியபோது, எங்கே போகிறாய் என்று நான் கேட்டேனா இல்லையா? ஏரிக்கரைக் குடில், ராத்திரி அங்கேதான், நாளைக்கு வந்துடுவேன் என்றாய். சரி என்றேன்.

மத்தியானம் காற்று கிளம்பியது. ஏழு மணிக்கு ஏரிக்கரைக் குடிலுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு அங்கே பார்த்துக்கொள்ளும் முறை பிர்கித்துக்கு. இன்னும் யாரும் வரலையே இங்குன், இங்கே வாசக்கதவே தெரியல, அவ்வளவு பனி பறக்குது என்றாள். வடக்குக் குடிலில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, வருகிறவர்கள் பேரும் போகுமிடமும் எழுதிவைக்கிற குடில் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னேன். சிக்னே, பகல் பதினொன்றரை, போகுமிடம் ஏரிக்கரைக் குடில் என்று வாசித்தார்கள். பதினொன்றரைக்குக் கிளம்பியவள் ஏழு மணிக்கும் வந்து சேரவில்லை என்றால் நான் என்ன நினைப்பேன்? அந்தத் தொங்கும் பனிக்கட்டிதான் கண்முன் வந்தது. மீட்புக் குழுவைக் கூப்பிட்டேன். அப்பாவையும் சேர்த்துப் பதினொரு பேர், இரண்டு பனி ஸ்கூட்டர், ஒரு நாய். அந்தக் காற்றில் ஹெலிகாப்டர் எழும்பவில்லை. நாங்கள் நட்ட குச்சியை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு விடிய விடியத் தேடினார்கள். குச்சியை விட்டால் அவர்களே தொலைந்துபோவார்கள்.

நீ அந்த வழிப்பக்கமே போகவில்லை. மேற்கே இறங்கி, உன்னோடு முகாமில் இருக்கும் அந்த எய்ரிக்கின் மலைவீட்டில், அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தாய். போனை அணைத்துவைத்திருந்தாய். காலை ஆறரைக்கு அங்கே யாரோ செய்தியைப் பார்த்துச் சொல்லப்போய்த்தான் கூப்பிட்டாய். கூப்பிட்டு என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு இப்படி ஊரையே கூட்டி வெச்சிருக்கே என்றாய். நான் கூட்டினேனாம்! அந்த ஒரு வாக்கியம் இன்னும் காதில் நின்று குடைகிறது. அக்கா கெடச்சுட்டாள்ல, அப்புறம் ஏன் அழுவுறே என்று ஓஷில்ட் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய், யார் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. எல்லோருக்கும் சாரி சொல்லிடு என்று எனக்கு ஒரு மெசேஜ். அதனால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், சொல்லவேண்டாம் என்று நம் எதிர்வீட்டுத் தாரால்ட் என்னிடம் கேட்டுக்கொண்டார், பரவாயில்லை. ஏரி முனையில் ஒரு பனி மேட்டைப் பார்த்து நாய் நின்று குரைத்திருக்கிறது. கம்பியால் குத்திப் பார்க்கவேண்டும், அதுதான் முறை. குழுவோடு தேடப்போயிருந்த தாரால்ட் குத்தவில்லை. உன் முகத்தில் பட்டுவிடுமோ என்று கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் விரலால் தோண்டியிருக்கிறார், இருபது நிமிஷம், அந்தக் காற்றில். உள்ளே இருந்தது செத்துப்போன கலைமான். இடதுகை நடுவிரல் நுனி குளிரில் உறைந்து கறுத்துவிட்டது, தானாக விழுமா வெட்டவேண்டுமா என்று பார்க்க டாக்டர் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். மே பதினேழு தேசிய தின ஊர்வலத்தில் முன்னால் பிடில் வாசித்துக்கொண்டு போகிறவர் அவர்தான் என்பதை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா? போய்ப் பார்த்து அழுதேன். அட விடு இங்குன், மூணு விரல்லயே வாசிச்சுடுவேன், கேக்கிறதுல பாதிப்பேருக்குக் காதே கேக்காது என்று சிரிக்கிறார். எல்லோருமே அப்படித்தான். பிர்கித்தும், புள்ள வந்துட்டாள்ல, போதும் என்கிறாள். ஒருத்தராவது உன்னைத் திட்டுவார்கள் என்று பார்த்தால் இந்த ஊரில் கோபப்பட நான் ஒருத்திதான் இருக்கிறேன் போலிருக்கிறது.

அப்பா வேறு. ஸ்கீயிலிருந்து பழைய மெழுகைச் சுரண்டிக்கொண்டே சொல்கிறார், நீ கேக்கிற கேள்விக்கெல்லாம் பதில் எழுதணும்னா குடில் புத்தகம் பத்தாது, அதான் புள்ள சுருக்கமா ஒரு பொய்யை எழுதிட்டுப் போயிட்டா என்று. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு யோசித்தேன். எய்ரிக் வீட்டுக்குப் போகிறேன் என்று நீ சொல்லியிருந்தால் நான் போகாதே என்றுதான் சொல்லியிருப்பேன். யார் அவன், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா, எத்தனை பேர் தங்குகிறீர்கள் என்று உயிரை எடுத்திருப்பேன். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள் நான், இன்று உனக்கு அதே பத்தொன்பது, அந்தப் பயத்தில் கேட்கிறேன், அது உனக்குத் தெரியாமலில்லை. சரி, என் தப்பு என்றே வைத்துக்கொள். என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாய், எந்தப் பிள்ளைதான் அம்மாவிடம் சொல்லவில்லை, அதை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் புத்தகத்தில் எழுதினாயே, ஏண்டி? நான் போன் செய்து கேட்பேன் என்றுதானே எழுதினாய்? எழுதிவிட்டு நிஜமாகவே கிளம்பி, வழியில் காற்றைப் பார்த்துத் திரும்பியிருந்தால் யார் உன்னைக் குறை சொல்லியிருப்பார்கள்? அந்தப் புத்தகம் எனக்காக வைத்ததா? முன்பின் தெரியாதவன்கூட அதில் இருக்கும் ஒரு வரியை நம்பி இருட்டில் கிளம்புவான் என்று, நீ எழுதப் படித்த நாளிலேயே உனக்குச் சொல்லிக்கொடுத்தோமே.

போன ஞாயிற்றுக்கிழமை குச்சிகளைப் பிடுங்கி எடுத்துவர மேலே போனோம். பனி இளகி, காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் இறங்குகிறது. வடக்குக் குடிலில் காப்பி போட்டுக் குடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். உன் வரி இருந்தது. பக்கத்தில் சிரிக்கிற சூரியன் ஒன்று வேறு வரைந்திருக்கிறாய். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், அந்தப் புத்தகத்தில் யாரும் எதையும் அடிப்பதில்லை, வைத்துவிட்டேன். உனக்குக் கீழே எட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள், எங்கே போகிறோம் என்று, ஒழுங்காக.

இப்போது நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். தாரால்டுக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது, மெசேஜ் கூடாது, என் வழியாகவும் கூடாது. மே பதினேழுக்கு முன்னால் அது அவர் கைக்கு வரவேண்டும். அடுத்த பிப்ரவரியில் எத்தனை நாள் லீவு கிடைத்தாலும் வந்து கடப்பாரையைப் பிடி. கம்பளி உள்ளாடையை ஈரத்தோடு மறுபடி போட்டுக்கொள்ளாதே, அங்கே இன்னும் குளிர் விடவில்லை என்று செய்தியில் பார்த்தேன். பழுப்புச் சீஸ் ஒரு கட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன், கோபம் வேறு, சாப்பாடு வேறு. நல்லபடியாக இரு, எங்கே போனாலும் முழுசாகத் திரும்பி வா, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்மேல் உண்டு.

இன்னும் ஒன்று. அடுத்த ஞாயிறு விடுப்பில் எங்கே போகிறாய் என்று ஒரே ஒரு வரி எழுது. எய்ரிக்கோடு என்றால் எய்ரிக்கோடு என்றே எழுது. போகாதே என்று சொல்லமாட்டேன், யார் எவர் என்று கேட்கமாட்டேன், நாக்கைக் கடித்துக்கொண்டாவது சும்மா இருப்பேன். உண்மையான இடத்தை மட்டும் எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
இங்குன்