இருபதாம் தேதி மூடும் பக்கம்

டிசம்பர் 8

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன்.

‘இந்த ஆண்டு மறைந்த பிரபலங்கள்’ பக்கம் இந்த முறையும் என் தலையில்தான். இதுவரை நாற்பத்தொரு பேர். இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. நேற்று ஆசிரியர் வந்து, “கடல்ல நீந்தி சாதனை பண்ணாங்களே, அந்தம்மாவுக்கு இதய ஆபரேஷனாம். எதுக்கும் ஒண்ணு எழுதி வச்சிரு” என்றார். பிரபலங்களுக்கு முன்கூட்டியே எழுதி வைப்பது எங்கள் வழக்கம். நீ என் அக்கா என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

உனக்கு ஆபரேஷன் என்பதை இப்படியா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? என்றைக்கு? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உன் தம்பி

டிசம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

உன் கிறுக்கலைப் பார்த்ததுமே பாதி நோய் போய்விட்டது. மீதிக்கு இருபத்திரண்டாம் தேதி கத்தி வைக்கிறார்கள். வால்வு மாற்ற வேண்டுமாம்.

தேதியைக் கவனித்தாயா? அன்று நான் போய்ச் சேர்ந்தால் இந்த வருடப் பக்கத்திலும் இருக்க மாட்டேன், அடுத்த வருடத்திலும் இருக்க மாட்டேன். சிரிக்காதே. என் பயிற்சியாளர் ஒரு டிசம்பர் இருபத்தேழில்தான் போனார். இரண்டு வருடத்துப் பக்கங்களையும் தேடிப் பார்த்தேன், அவர் இல்லை.

பதினெட்டு மணி நேரம் கடலில் கிடந்தவள், ஒரு ஸ்ட்ரெச்சரை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடக்கிறேன். எழுதியதை அனுப்பு. தப்பு இருந்தால் நான் இருக்கும்போதே திருத்திவிடலாம்.

உன் அக்கா

டிசம்பர் 15

அக்கா,

கட்டுரை இத்துடன். இறந்த தேதிக்கு இடம் விட்டு எழுத வேண்டும். அந்த இடத்தை விடுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் முகம் கழுவினேன்.

கடைசி வரியைப் பார்த்துக் கோபப்படாதே. ஆபீசில் கேள்வி வரும் என்றுதான் அப்படி.

தம்பி

டிசம்பர் 17

தம்பிக்கு,

தூரம் முப்பத்தேழு கிலோமீட்டர், நாற்பது இல்லை. சுறா எதையும் நான் பார்க்கவில்லை. அது உங்கள் ஆட்கள் கட்டிவிட்ட கதை.

‘இவருக்கு நெருங்கிய உறவினர் யாரும் இல்லை’ என்ற கடைசி வரியை நான் தொடவில்லை. போட்டி முடிந்து அப்பா சாவுக்கு நான் தாமதமாக வந்து நின்றபோது, “எனக்கு அக்காவே கிடையாது” என்று வாசலை மறித்துக்கொண்டு சொன்னவன் நீ. அந்த வரி சரியா தப்பா என்று உனக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் உறவினர் கையெழுத்து கேட்கிறார்கள். காலியாக விட்டிருக்கிறேன். பயமாக இருக்கிறதடா.

அக்கா

டிசம்பர் 21, மாலை
ஆஸ்பத்திரி, கீழ்த்தளம்

அக்கா,

வரியைத் திருத்தி நேற்று ஆசிரியரிடம் கொடுத்தேன். ‘இவருக்கு ஒரே தம்பி, இந்தப் பத்திரிகையின் உதவி ஆசிரியர்.’ படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீயாய்யா?”

“ஆமா சார்.”

“அப்புறம் இங்க என்னய்யா பண்றே? கிளம்பு!”

கட்டுரையை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சாவியைத் தொலைத்துவிடச் சொன்னேன். பக்கம் நாற்பத்தொரு பேரோடு போய்விட்டது.

பார்வையாளர் நேரம் முடிந்ததாம், மேலே விட மாட்டேன் என்கிறார்கள். இதை உன்னிடம் சேர்ப்பதாக நர்ஸ் அம்மா சொல்லியிருக்கிறார். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ‘என்ன உறவு’ என்ற இடத்தில் தம்பி என்று எழுதினேன். அன்று நான் பேசியது வாய்க்கொழுப்பு அக்கா. மன்னித்துவிடு.

கீழே பெஞ்சில்தான் இருக்கிறேன், எங்கும் போக மாட்டேன். இதற்குப் பதில் எழுதாதே. நாளைக்கு வெளியே வந்து நேரிலேயே திட்டு.

உன் தம்பி