வெளியே போங்கள் என்று எழுதியவள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். போன வாரம் எழுதியிருந்தால் இந்த வரி பச்சைப் பொய்யாக இருந்திருக்கும். இன்று மனசாரவே எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ குறுக்கே பாய்ந்துவிடுவாய். மூன்றாவது வாக்கியத்தில் நான் அழுதுவிடுவேன். அதற்குப் பிறகு அம்மா போனைப் பிடுங்கி, ரெண்டு பேரும் என்னடி பண்றீங்க என்று கேட்பாள். கடிதம் என்றால் நீ கடைசிவரை வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் ஒவ்வொரு படிக்கும் ஒரு பேரைச் சொல்லித் திட்டுகிறாள். இப்போதெல்லாம் ஏழாவது படியில் உன் பேர் வருகிறது, எட்டாவது என்னுடையது. இவருக்குத் தலையில் முடி இல்லை. பயப்படாதே, வியாதி ஒன்றும் இல்லை. அதுவும் இந்தக் கதையோடு சேர்ந்ததுதான்.

நம்முடைய கறை நீக்கும் இணையதளத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதைப் பற்றி நாம் பேசி எட்டு மாதம் ஆகிறது. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், அப்போதுதான் எனக்குக் கோர்வையாக வரும்.

நாம் முதலில் தொடங்கிய பொத்தான் தளம் ஞாபகம் இருக்கிறதா? நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் உதிர்ந்து கிடந்த பொத்தான்களைப் படம் பிடித்துப் போட்டோமே. மொத்தம் நாலு பேர் பார்த்தார்கள். அதில் மூன்று பேர் நம் வீட்டில் இருந்தார்கள். நாலாவது ஆள் தவறி வந்தவர் என்று இவர் இன்றைக்கும் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் கறை. கடைக்கு வரும் துணிகளில் நான் பார்த்த கறைகள், அவற்றை எங்கள் முதலாளி எடுக்கும் விதம் எல்லாம் நான் எழுத, பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த நீ ஒவ்வொன்றின் தலையிலும் எச்சரிக்கை எழுதினாய். நான் நாலு வரி எழுதினால் நீ பன்னிரண்டு வரி எழுதுவாய். எதை எதோடு சேர்க்கக்கூடாது, கையுறை போடு, ஜன்னலைத் திற.

ஆள் சேர்க்க நான் பட்ட பாடு உனக்கும் தெரியும். துவைத்த துணிப் பைகளில் நம் தள முகவரியைச் சீட்டு எழுதிக் குத்தி அனுப்பினேன். முதலாளி கூப்பிட்டு, கறை போகலைன்னு நாமே விளம்பரம் பண்றோமா என்று கேட்டார். சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன். பெரியப்பா அதற்குக் காலை வணக்கம் சொன்னார். கடிகாரம் பற்றி எழுதுகிறவர், புறா வளர்க்கிறவர் இவர்களோடு பேசி, நீ என் தளத்தைக் காட்டு, நான் உன் தளத்தைக் காட்டுகிறேன் என்று ஒப்பந்தம் போட்டேன். கடிகாரக்காரரிடமிருந்து ஒருவரும் வரவில்லை. புறாக்காரர் வழியாகத் தினம் இரண்டு பேர் வந்தார்கள், எல்லோரும் ஒரே கேள்வியோடு. புறா சட்டையில் போனால் எப்படி எடுப்பது?

ஒரு நாளைக்கு ஏழு பேர், அதிகம் போனால் ஒன்பது பேர். அந்த வயிற்றெரிச்சலில்தான் உன்னிடம் அப்படிப் பேசினேன். நீ அந்தக் குளிர் ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாய். நாலு வருஷம் முன்பு நீ எழுதிய ஒரு பழைய பதில் என் கண்ணில் பட்டது. பேசின் கறைக்கு ப்ளீச்சையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் சீக்கிரம் வேலை முடியுமா என்று ஒரு பெண் பின்னூட்டத்தில் கேட்டிருந்தாள். நீ எழுதியிருந்தாய்: “சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும். ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்களா? இதைப் படிப்பதை நிறுத்துங்கள். உடனே வெளியே போங்கள். மீதியை நல்ல காற்றில் நின்று படியுங்கள்.” நான் உன் முகத்துக்கு நேராகவே சொன்னேன், நானே தெருத்தெருவாப் போய் நாலு பேரைக் கூட்டிட்டு வர்றேன், நீ அவங்களை வெளிய போங்கன்னு விரட்டறியே என்று. உன் எச்சரிக்கையைப் படித்தே எல்லாரும் ஓடுகிறார்கள் என்றும் சொன்னேன். நீ மடித்த துணியையே மறுபடி மடித்தாய். அதற்குப் பிறகு தளத்தில் ஒரு வரிகூட நீ எழுதவில்லை. போனில் அம்மாவின் முழங்காலைப் பற்றி மட்டும் கேட்கிறாய்.

நீ போன பிறகு ஒரு ஆள் கிடைத்தார். கடையில் என்னோடு நிற்பவளின் அண்ணன். இணைய விளம்பரம் எழுதுவது அவர் தொழில். தங்கைக்காகச் சும்மாவே வந்து பார்த்துக் கொடுத்தார். எட்டு நொடிக்குள்ள விஷயம் கிடைக்கலைன்னா ஆள் போயிடுவான் என்று பேச்சுக்குப் பேச்சு சொன்னதால் நாங்கள் அவருக்கு எட்டு நொடி என்றே பேர் வைத்துவிட்டோம். அவர் நம் தளத்தைப் பார்த்துவிட்டு, மேல இவ்வளவு பெரிய சுவரைக் கட்டி வெச்சிருக்கீங்களே, உள்ள எவன் வருவான் என்றார். சுவர் என்றது உன் எச்சரிக்கையை.

எல்லாப் பக்கத்திலும் நான் இடித்தேன் அக்கா. யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பேசின் பக்கத்தில் முன்பு என்ன இருந்தது? முதல் நாள் ப்ளீச், போகாவிட்டால் நன்றாகக் கழுவி, மறுநாள் வினிகர். அதற்கு மேலே உன் பன்னிரண்டு வரி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, “இரண்டே பொருள், பத்தே நிமிடம், பளபளக்கும் பேசின்” என்று தலைப்பு வைத்தேன். மறுநாள் என்ற வார்த்தை நீளம் என்று அதையும் வெட்டினேன். கீழே உள்ள பழைய பின்னூட்டங்களையும் அழித்துவிடச் சொன்னார் எட்டு நொடி. அதை மட்டும் செய்யவில்லை. நல்ல எண்ணத்தில் இல்லை. மொத்தம் முப்பத்தொரு பின்னூட்டம், அழித்தால் பூஜ்யம் என்று காட்டும். அந்த எண்ணிக்கை மேல் இருந்த ஆசையில் விட்டுவைத்தேன்.

இரண்டே வாரத்தில் ஒரு நாளைக்கு மூவாயிரம் பேர். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் துணிக்குச் சீட்டு எழுதும்போதே எண்ணிக்கையை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். ஒருவருடைய கோட்டை இன்னொருவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன். உனக்குப் போன் செய்து பீற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஏனோ செய்யவில்லை. ஏன் என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை மதியம், கத்தரிக்கோல் என்ற பேரில் ஒருவர் பேசின் பக்கத்தில் எழுதினார். “கடை பேசின்ல டை கறை. நீங்க சொன்ன ரெண்டையும் பக்கெட்ல ஒண்ணா ஊத்திட்டேன். சின்ன ரூம்தான். கண் எரியுது. இன்னும் எத்தனை நிமிஷம்” என்று இருந்தது. அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை.

படித்த உடனே பதில் போட்டேன், வெளியே போங்கள், கதவைத் திறந்துவிடுங்கள் என்று. அவர் எழுதி நாற்பது நிமிடம் கழித்துத்தான் நான் பார்த்திருக்கிறேன். பதில் இல்லை. தலைப்பை எடுத்தேன், குறிப்பை எடுத்தேன், பக்கம் முழுக்கச் சேர்க்காதீர்கள் என்று மட்டும் எழுதினேன். அவர் எழுதியதற்கு நேர் மேலே உன்னுடைய அந்தப் பழைய பதில் இருந்தது. அது அவர் கண்ணில் பட்டதா, படவில்லையா? ஒன்பது நாள் எனக்கு இதே நினைப்புதான். சோறு இறங்கவில்லை. யார், எந்த ஊர், எந்த நாடு, ஒன்றும் தெரியாது. என் பேச்சை நம்பி ஒரு சின்ன அறைக்குள் நின்ற மனுஷன், அவ்வளவுதான் தெரியும்.

உனக்கு நான் திடீரென்று போன் செய்து, ப்ளீச் வாடை ரொம்ப ஏறினா என்ன ஆகும் என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? கடைக்காகக் கேட்கிறேன் என்றேன். பொய். உடனே வெளியே வந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள், அடைத்த அறையில் நின்றால் நுரையீரல் போய்விடும் என்று நீ பாடம் மாதிரி சொன்னாய். கடைசியில் யாருக்குடி என்றாய். சும்மாதான் என்றேன். உன் குரலைக் கேட்டதும் கொட்டிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. எட்டு மாதம் குறுக்கே நின்றது.

இவரிடம்தான் சொன்னேன். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. டை, பேசின், கத்தரிக்கோல் என்றால் முடிவெட்டுகிற கடைதான் என்று கண்டுபிடித்தவர் இவர். அந்த ஆள் உலகத்தின் எந்த மூலையிலும் இருக்கலாம் என்று தெரிந்தும், நம்ம ஊர்ல இருந்தா என்ன பண்றது என்று கிளம்பிவிட்டார். ஒவ்வொரு கடையாகப் போய், உங்க பேசின் எப்படி இருக்கு என்று கேட்டால் யாராவது சும்மா விடுவார்களா? உட்கார்ந்து வெட்டிக்கொண்டால்தான் பேச்சுக் கொடுக்க முடிந்தது. நாலாவது கடையில் வெட்ட முடி இல்லை. அங்கே மழித்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மா பார்த்துவிட்டு, யாருக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டாள். இவர் முகம் மாறாமல், உங்க ரெண்டாவது பொண்ணுக்காக என்றார்.

நேற்றுக் காலை பதில் வந்தது அக்கா. கத்தரிக்கோல் உயிரோடு இருக்கிறார்! சலவைக் கடையில், ஊர்க்காரர்கள் முன்னால், துணி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். முதலாளி பதறிப்போய் யார் போயிட்டாங்க என்று கேட்டார். யாரும் போகலை, யாருமே போகலை என்று சிரித்துக்கொண்டே அழுதேன். ஒன்பது நாள் கழித்து நேற்றுத்தான் மூச்சு முழுசாக இறங்கியது.

நடந்தது இதுதான். அவர் எழுதி அனுப்பியதும் பக்கம் மறுபடி திறந்து, அவருடைய கேள்விக்கு மேலே உன் பதிலைக் காட்டியிருக்கிறது. உடனே வெளியே போங்கள் என்ற வரியைப் பார்த்ததும், யாரோ பின்னாலிருந்து அதட்டியது போல இருந்ததாம். ஓடிய ஓட்டத்தில் போன் பக்கெட்டுக்குள் விழுந்துவிட்டது. எடுக்கத் திரும்பியவருக்கு, மீதியை நல்ல காற்றில் நின்று படியுங்கள் என்றது ஞாபகம் வந்து, போன் போனால் போகட்டும் என்று தெருவுக்கு வந்துவிட்டார். இரண்டு நாள் இருமல். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். வேறு போன் வாங்க ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. அதுவரை எனக்குத் தகவல் சொல்லத்தான் யாருமில்லை.

அவர் எழுதியதை அப்படியே தருகிறேன். “மேல எழுதினவங்களை நம்பிப் பண்ணினேன். கீழ அக்கான்னு பேர் போட்டு எழுதினவங்கதான் காப்பாத்தினாங்க. அவங்க உங்க ஆள்தானா, இல்ல உங்களுக்கு எதிர்க்கட்சியா?” இதைப் படித்துவிட்டு இவர் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

நேற்று மாலையே உன் பன்னிரண்டு வரிகளையும் எல்லாப் பக்கத்திலும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். பழைய நகலைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டும்போதுதான் முழுசாகப் படித்தேன். இத்தனை வருஷம் நான் படித்ததே இல்லை, நீளமாக இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறேன். எட்டு நொடிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.  சுவர் இருக்கட்டும்மா என்றார். மூவாயிரம் பேர் போய்விட்டார்கள். போகட்டும். புறாக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் மட்டும் விடாமல் வருகிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ பாடுபட்டு எழுதியதை உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்தேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவளை நோகடித்து அனுப்பினேன். இரண்டும் தப்பு. மன்னித்துவிடு என்று போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் இந்தக் கடிதம்.

கத்தரிக்கோலின் பேசினில் டை கறை இன்னும் அப்படியே இருக்கிறதாம். எப்படி எடுப்பது என்று மறுபடி கேட்டிருக்கிறார். அதோடு, இந்தத் தடவை அந்த அக்கா சொன்னால்தான் தொடுவேன் என்றும் கண்டிப்பாக எழுதியிருக்கிறார். நான் பதில் போடவில்லை. எதிர்க்கட்சியா என்ற கேள்விக்கும் போடவில்லை. உன் கடவுச்சொல்லை நான் மாற்றவே இல்லை, பழையதேதான். எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் எழுது. என்னைத் திட்டுவதாக இருந்தால் அதையும் அங்கேயே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மேலேயே எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு தரை துடைக்காதே. இதை உனக்கு நான் சொல்கிற காலம் வந்துவிட்டது பார். இன்று காலையிலிருந்து நம் தளத்துக்கு ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் இருந்தாலும் சரி, போனாலும் சரி. நீ வா அக்கா.

என்றும் உன் திட்டுக்கு உரிய,
தங்கை