உன்னை விட்டுவிட்டுப் போன பயணம்

இன்று காலை மாடி வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். அடுத்த வாரம் பிரான்சுக்குக் கிளம்புகிறாளாம். அங்கே யாருக்காவது ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமா என்று கேட்டாள். அவள் கைப்பையிலிருந்து மீன் மசாலாத்தூள் வாசம் வந்தது. யாரோ மூன்று உறை போட்டுக் கட்டியும் அடங்காத வாசம். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

பத்து வருஷத்துக்கு முந்தைய அந்தப் பயணத்தைத் தொடங்கிவைத்தவளே நீதான். உன் குடும்பம், என் குடும்பம், இதே காரைக்காலில் கோவில்பத்துப் பக்கம் இருந்த என் தம்பி குடும்பம். பிள்ளைகள் ஐந்து பேர், எல்லோரும் எட்டு வயதுக்குள். ஞாயிறு மதியங்களில் உன் வீட்டு ஹாலில் வரைபடத்தை விரித்துப் போடுவோம். நான் வழக்கம்போல எதையும் நம்பாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்: தள்ளுவண்டியோடு ரயில் மாற முடியுமா, ஒரே நாளில் இரண்டு ஊர் என்றால் பிள்ளைகள் எப்போது தூங்கும்? "ஒரு நாளைக்கு ஒரு எடம் போதும்டி. பாக்கி நேரம் பார்க்குல உட்காருவோம். பாரிஸ் எங்கயும் ஓடிடாது" என்பாய். உன் காக்கா, பாரிசுக்கு வெளியே இருக்கும் உன் அண்ணன், தன் ஊர் நகராட்சியில் வரிசையில் நின்று மூன்று குடும்பமும் தன் வீட்டில் தங்க, விசாவுக்கான அழைப்புப் பத்திரம் வாங்கி அனுப்பினார். துபாயில் இருந்த உன் கணவர் விடுமுறை கேட்டு வைத்திருந்தார்.

உன் மகள் சமீராவுக்கு அப்போது ஆறு வயது. பேச்சு வரவில்லை. சத்தமும் கூட்டமும் சேர்ந்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். ஒருநாள் உன் வீட்டிலிருந்து திரும்பும்போது தம்பி மனைவி மெதுவாகக் கேட்டாள்: "அந்தப் புள்ள ஃப்ளைட்டுல கத்த ஆரம்பிச்சா என்ன அண்ணி பண்றது?"

கேட்டது அவள். முடிவாக்கியது நான். குழந்தைக்குத்தானே கஷ்டம் என்று ஆரம்பித்து, படித்தவள் அடுக்கும் காரணங்களை எல்லாம் அடுக்கினேன். உன்னிடம் அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. என் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, இந்த வருஷம் யாரும் போகவில்லை என்றேன். அடுத்த வருஷம் போனால் போகிறது என்று நீ எனக்கு ஆறுதல் சொன்னாய். பத்திரங்களை ஒதுக்கிவிட்டு, ஹோட்டல் பதிவைக் காட்டி இரண்டு குடும்பமும் விசா வாங்கினோம்.

காரைக்காலிலிருந்து பிரான்சுக்குப் போகிறவர் யாருக்கும் தெரியாமல் போக முடியாது என்பதை எப்படி மறந்தேனோ. ஊறுகாய் வாங்கப் போன கடையில் தம்பி மனைவி பயணத்தைப் பற்றி உளறிவிட்டாள். கடைக்கார அம்மா அங்கிருக்கும் தன் மகனுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். பிறகு உன்னைப் பார்த்தபோது, உன் அண்ணனுக்கு நீ ஒன்றும் கொடுத்துவிடவில்லையா என்று கேட்டிருக்கிறார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை நீ வந்தாய். ஹாலில் பெட்டிகள் திறந்து கிடந்தன. சமீரா உன் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினாய்.

"மசாலாத்தூள்தான். காக்காகிட்ட குடுத்துரு." வாசல்வரை போய்த் திரும்பினாய். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வரலைன்னிருப்பேன்டி."

பாரிசில் உன் அண்ணன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் அவர் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து, உன் பொட்டலத்தை விட்டுவந்தேன். மறுநாள் அருங்காட்சியக வரிசையில் என் மகன் தரையில் புரண்டு அழுதான். காவலர் ஒருவர் வந்து எங்களைப் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே அனுப்பினார். அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவுக்குத்தான் நான் பயந்திருந்தேன்.

திரும்பி வந்தபின்னும் நீ பழையபடியே பேசினாய். மன்னிப்புக் கேட்க நான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்கு நோய் என்று தெரிந்த பிறகு, என் பாரத்தை உன் படுக்கையில் இறக்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் படித்தவளின் காரணம்தான்.

உன் மறைவுக்கு வந்திருந்த அண்ணன் என்னைத் தேடி வந்து பேசினார்.

"தங்கச்சி சொல்லிச்சுங்க. நீங்க எவ்வளவோ கூப்பிட்டீங்களாம், பாப்பாவ நெனச்சு அதுதான் வரலைன்னுடுச்சாம். எங்களுக்குச் சிரமம் வேணாம்னு நீங்க ஹோட்டல்ல தங்குனதயும் சொல்லிச்சு."

வளர்ந்துவிட்ட சமீரா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன்.

என்னைக் காப்பாற்ற நீ சொன்ன பொய்யை, என்னைக் காப்பாற்றிக்கொள்ள நானும் சொன்னேன், உன் வீட்டில், உன் மகளின் எதிரே. உன்னைப் பற்றி என்னிடம் எவ்வளவோ நினைவு இருக்கிறது. எதை எடுத்தாலும் அந்த ஒரு சொல்தான் முதலில் கையில் தட்டுப்படுகிறது.